கறிவேப்பிலை: நடுவதும் ஒடிப்பதும் சமைப்பதும்

வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்வார்கள். வைத்து ஒரு வருடம் ஆகியும் வைத்தபடியே நிற்கிறது என்பது ஒன்று. ஒற்றைக் குச்சியாக மேலே போய்விட்டது, உச்சியில் மட்டும் நாலு இலை இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது செடியின் இயல்பு. இரண்டாவது நாம் இலை பறிக்கும் முறையால் வருவது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவருக்கு உரமிடுவதும் பூச்சி பார்ப்பதும் பெரிய வேலையாகத் தோன்றாது.

கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைக்கு எது பிடிக்குமோ அது பெரும்பாலும் இதற்கும் பிடிக்கும்: நல்ல வெயில், நீர் தேங்காத மண், உவர்ப்போ சுண்ணாம்போ மிகாத நிலம். எலுமிச்சையைத் தேடி வரும் பூச்சிகளும் இதைத் தேடி வரும். தொடக்கத்திலேயே இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல சிக்கல்களுக்குக் காரணம் தானே விளங்கும்.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவருக்கு நாற்றுப் பண்ணையில் ஓர் அடி உயரமுள்ள கன்றை வாங்குவதே சிறந்த வழி. வாங்கும்போது ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். செடி சிறியதாக இருந்தாலும் மணம் அழுத்தமாக இருக்க வேண்டும். கன்றாக இருக்கும்போதே மணக்காத செடி, வளர்ந்த பின்பு மணக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இலைக்காம்பில் செம்மை ஓடும் செங்காம்பு வகை, மணத்துக்காகத் தமிழ்நாட்டில் விரும்பி வளர்க்கப்படுகிறது. இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பூச்சிகள் பெரும்பாலும் நாற்றுப் பண்ணையிலிருந்தே நம்மோடு வீட்டுக்கு வருகின்றன.

வெளிநாடுகளில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 'கறி பிளான்ட்' என்ற பெயரில் விற்கப்படும் செடி ஒன்று உண்டு. அதன் இலைகள் சாம்பல் பூத்து ஊசிபோல் மெல்லியவையாக இருக்கும், பூ மஞ்சளாக இருக்கும். அதற்கும் நம் கறிவேப்பிலைக்கும் உறவே இல்லை. பெயர்ச்சீட்டில் 'முர்ரயா கோனிகி' அல்லது 'பெர்கேரா கோனிகி' என்று இருந்தால் அதுதான் உண்மையான கறிவேப்பிலை. (18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரின் பெயர்தான் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) ஊரிலிருந்து பையில் கன்றையோ பச்சை இலையையோ எடுத்துச் சென்றுவிடலாம் என்று நினைப்பவர்கள், போகும் நாட்டின் விதியை முதலில் பார்க்க வேண்டும். எலுமிச்சை வகைப் பயிர்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையில் வாழ்வதால், அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் இதைக் கொண்டுவருவதற்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ விதித்திருக்கின்றன.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால், பழம் நன்றாகக் கறுத்து மினுமினுக்கும்போது பறிக்க வேண்டும். சதையைப் பிதுக்கி நீக்கி, விதையைக் கழுவி, காயவிட்டுச் சேமிக்காமல் ஓரிரு நாளில் ஊன்றிவிட வேண்டும். கறிவேப்பிலை விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். உறையில் அடைத்து விற்கப்படும் பழைய விதைகள் முளைக்காமல் போவதற்கு அதுவே காரணம். அரை அங்குல ஆழத்தில் ஊன்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், வெப்பமான பருவத்தில் மூன்று நான்கு வாரங்களில் முளை தெரியும். பழத்தின் சதை இனிப்பாக இருக்கும், உண்ணலாம். விதையை மட்டும் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

பெரிய மரம் ஒன்று அருகில் இருந்தால் அதைவிட எளிய வழி உண்டு. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் தாமாகவே கிளம்பி நிற்கும். மழைக்காலத்தில், தாய்வேரின் ஒரு துண்டோடு அத்தகைய கன்றைத் தோண்டி எடுத்து, இலைகளில் பாதியைக் குறைத்துவிட்டு நட்டு, இரண்டு வாரம் நிழலில் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய கொத்தின் காம்பைத் தண்ணீரில் போட்டு வேர்விடக் காத்திருப்பது வீண் வேலை.

நடவும் முதல் ஆண்டும்

தரையில் நடுவதாக இருந்தால் ஓர் அடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதும். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தைக் கலந்து குழியை நிரப்பி நடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வைப்பதாக இருந்தால் நாலைந்து அடி இடைவெளி விட வேண்டும். தொட்டியில் வைப்பவர்கள் இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம் என்று கலந்துகொள்ளலாம். சிறு கன்றை நேரடியாகப் பெரிய தொட்டியில் வைத்துவிடக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிக்கொண்டே இருந்து, வேர் அழுகிவிடும். ஆறு அல்லது எட்டு அங்குலத் தொட்டியில் தொடங்கி, அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும்போது அடுத்த அளவுக்கு மாற்றி, முடிவில் பதினாறு அல்லது பதினெட்டு அங்குலத் தொட்டியில் நிறுத்தினால் ஒரு குடும்பத்துக்குப் போதிய இலை கிடைக்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை. விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும் வரை ஊற்ற வேண்டும், ஈரமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். தினமும் காலையில் கொஞ்சம் என்று கடமைக்கு ஊற்றும் வழக்கத்தால் கெட்டுப்போன செடிகளே அதிகம். வெயில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். நிழலில் வைத்தாலும் செடி சாகாது. ஆனால் தண்டு நீண்டு, இலை பெருத்து, மணம் குறைந்துபோகும்.

முதல் ஆண்டில்தான் பொறுமை தேவைப்படும். மேலே அரை அடிகூட வளராததுபோல் தோன்றும் அந்தக் காலத்தில் செடி கீழே வேர் பிடித்துக்கொண்டிருக்கும். வளரவில்லையே என்று அடிக்கடி இடம் மாற்றுவதும், உரத்தை அள்ளிக் கொட்டுவதும், ரசத்துக்கு வேண்டும் என்று இருக்கும் நாலு இலையையும் கிள்ளுவதும் அதை இன்னும் பின்னுக்குத் தள்ளும். இந்த ஆண்டில் இலை பறிக்கவே கூடாது என்பது என் கருத்து. மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மக்கிய உரமோ மண்புழு உரமோ இட்டு மண்ணைக் கிளறிவிட்டால் போதும். வளர்ச்சி தொடங்கிய பிறகு கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். இலைக்காக வளர்க்கும் செடிக்குத் தழைச்சத்துதான் முக்கியம்.

புளித்த மோரைப் பற்றிச் சொல்லாமல் கறிவேப்பிலை வளர்ப்பைப் பேச முடியாது. புளித்த மோரில் உள்ள அமிலம் மண்ணின் காரத்தன்மையைச் சிறிது தணிக்கும் என்பதால் அதனால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அது உரத்துக்கு மாற்று ஆகாது. நன்றாக நீர்த்து, மாதம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் ஊற்றாமல் இருப்பது நல்லது. சாப்பாட்டில் மிஞ்சிய மோர் என்றால் அதில் உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஊற்ற வேண்டும். உப்பு மோர் செடிக்குக் கேடு.

இலையை உருவாதீர்கள், இணுக்கை ஒடியுங்கள்

செடி ஒன்றரை அடி உயரம் வந்ததும் உச்சிக் குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனாலும் கிள்ள வேண்டும். நுனி இருக்கும் வரை செடி மேல்நோக்கியே போகும், பக்க அரும்புகள் உறங்கிக்கிடக்கும். நுனியை எடுத்துவிட்டால் அதற்குக் கீழேயுள்ள இலைக்காம்புகளின் அக்குளில் இருக்கும் அரும்புகள் இரண்டு மூன்று விழித்துக்கொண்டு கிளைகளாகும். அந்தக் கிளைகள் ஓர் அடி நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளலாம். இப்படி ஐந்தாறு கிளைகளோடு புதராக நிற்கும் செடியே இலைக்கு ஏற்றது.

பறிப்பதிலும் இதே கணக்குதான். கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்கில் பத்து முதல் இருபது வரை சிற்றிலைகள் இருக்கும். தாவரவியல் கணக்கில் அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. பலர் ஈர்க்கைச் செடியிலேயே விட்டுவிட்டுச் சிற்றிலைகளை மட்டும் உருவுகிறார்கள். மொட்டையாக நிற்கும் அந்த ஈர்க்கு மீண்டும் துளிர்க்காது, காய்ந்து விழும். சிலர் அடி இலைகளை மட்டுமே பறித்துக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் செடி உச்சியில் குடை பிடித்த ஒற்றைக் குச்சியாகிறது. சமையலுக்கு இரண்டு இணுக்கு வேண்டுமென்றால், நீண்டுவிட்ட ஒரு கிளையின் நுனியையே கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். அப்போது இலையும் கிடைக்கும், செடி கவாத்தும் ஆகும், வெட்டிய இடத்தில் இரண்டு கிளையும் வரும். ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால், இரண்டாம் ஆண்டு முதல் தொடர்ந்து பறித்துக்கொண்டே இருக்கலாம்.

வெள்ளைப் பூங்கொத்து வந்தால், விதை தேவையில்லாதபோது அதைக் கிள்ளிவிடலாம். பூவும் பழமும் வந்தால் இலைத் துளிர்ப்பு குறையும்.

மஞ்சளிப்பும் பூச்சியும்

இலை மஞ்சளித்தால் எந்த இலை மஞ்சளிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒன்றிரண்டு பழுத்து உதிர்வது இயல்பு. இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. கடின நீர் ஊற்றும் இடங்களிலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இது வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை மிகுந்தால் வேரால் அதை எடுக்க முடியாது என்பதால், மக்கிய உரத்தைக் கூட்டுவதும் முடிந்தவரை மழைநீரை ஊற்றுவதும் நிலையான தீர்வு. மண் எப்போதும் நசநசவென்று இருந்து செடி முழுவதும் மஞ்சளித்தால், தேங்கிய நீரே காரணம்; அதற்கு உரமிட்டால் நிலைமை மோசமாகும்.

கொழுந்துகள் சுருண்டு முறுக்கிக்கொண்டால், அருகில் போய்க் கூர்ந்து பார்க்க வேண்டும். கொழுந்தின் மடிப்புகளுக்குள் ஊசிமுனை அளவில் தட்டையான மஞ்சள் குஞ்சுகள் ஒட்டியிருக்கும், அவற்றின் பின்புறத்திலிருந்து வெண்ணிற மெழுகு இழை சுருள்சுருளாக வெளிவரும். வளர்ந்த பூச்சி பழுப்பாக, தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன தடைகளுக்குக் காரணமான சைலிட் பூச்சி இதுதான். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். எறும்பும் வரிசையாக ஏறும். தாக்குண்ட கொழுந்துகளை வெட்டி ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்று மூன்று முறையாவது தெளித்தால்தான் புதிதாகப் பொரித்து வருபவையும் அடங்கும். தெளித்த பின்பு ஒரு வாரம் இலை பறிக்காமல் இருப்பது நல்லது. மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் இதே மருந்து போதும்.

பறவை எச்சம்போல் இலையில் ஒட்டிக்கொண்டிருப்பது சில நாளில் பச்சைப் புழுவாக மாறி, சிறு செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. மருந்து தேவையில்லை, கையால் எடுத்துவிடலாம். பெரிய மரமாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம். நாலு இலை போனால் ஒரு வண்ணத்துப்பூச்சி கிடைக்கும்.

குளிர் நாடுகளில் இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் தொட்டியை வீட்டுக்குள், தெற்கு நோக்கிய சன்னலோரம் கொண்டுவர வேண்டும். உறைபனி பட்டால் செடி பிழைப்பது கடினம். குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைக்க வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்துவிட்டாலும் செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம்; தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும், வெப்பம் கூடியதும் துளிர்க்கும்.

சமையலில்: மணத்துக்கு ஒரு முறை, உண்பதற்கு வேறு முறை

கறிவேப்பிலையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது. அவை கொழுப்பில் கரையும், நெடுநேரம் கொதித்தால் பறந்துபோகும். தாளிப்பின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, மிளகாய் வற்றல் நிறம் மாறிய பிறகு, தீயைக் குறைத்துவிட்டுக் கடைசியாகத்தான் கறிவேப்பிலையைப் போட வேண்டும். படபடவென்று வெடித்து ஓய்ந்ததும், அதாவது பத்துப் பதினைந்து நொடிகளில், குழம்பிலோ சட்னியிலோ கொட்டிவிட வேண்டும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். முன்கூட்டியே கழுவித் துணியில் ஒற்றி வைப்பதும், போடும்போது ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. ரசம் இறக்கும்போது இலையை இரண்டாகக் கிழித்துப் பச்சையாகப் போட்டால் வேறு விதமான, இளம் மணம் வரும். நீர்மோருக்கு இஞ்சியோடும் உப்போடும் தட்டிப் போடலாம்.

இப்படிப் போட்ட இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். முழு இலை நாருள்ளது, மெல்லக் கடினம். உண்ண வேண்டுமென்றால் அரைக்க வேண்டும். அதற்குப் பொடி, துவையல், குழம்பு என்று மூன்று வழிகள் உள்ளன. தொடங்குபவருக்குப் பொடியே எளியது.

நான்கு கைப்பிடி இலையை உருவிக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் முற்றிலும் போகும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். வெறும் வாணலியில், சிறு தீயில், மூன்று மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பையும் சிவக்க வறுத்து எடுத்து, அடுத்து ஆறு மிளகாய் வற்றலையும் ஒரு தேக்கரண்டி மிளகையும் சூடேற்றி எடுத்து, இறுதியாக இலையைப் போட்டுப் பிரட்ட வேண்டும். கரண்டி படும்போது சலசலவென்று ஒலிக்கத் தொடங்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். ஆனால் நிறம் பச்சையாகவே இருக்கும். அதுதான் பதம். பழுப்பேறினால் கசந்துவிடும். ஆறிய பிறகு பருப்பு, மிளகாய், மிளகு ஆகியவற்றோடு கல் உப்பு, பெருங்காயம், சூட்டில் புரட்டி உலர்த்திய கோலிக்குண்டளவு புளி ஆகியவற்றைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இலையைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்று விட வேண்டும். சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து சாப்பிடலாம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் ஒரு மாதம் மணம் குறையாமல் இருக்கும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை

100 கிராம் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் மிகுதி. ஆனால் 100 கிராம் இலையை யாரும் ஒரு நாளில் சாப்பிடுவதில்லை. ஓர் இணுக்கின் எடை ஒன்றிரண்டு கிராம்தான். பொடியாகவோ துவையலாகவோ 10 கிராம் இலையை உட்கொண்டால் 60 மில்லிகிராம் அளவில் கால்சியம் சேரும், அதிலும் ஒரு பகுதி உடலில் சேராமல் இலையிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் தடுத்துவிடும்; வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். எனவே இது நல்ல துணை உணவு, பால், கேழ்வரகு போன்றவற்றுக்கு மாற்று அல்ல. கரோட்டின் எண்ணெயோடு சேரும்போதுதான் உடலில் நன்கு ஏறும் என்பதால், பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வது சுவைக்கு மட்டுமன்று. பசி மந்தித்திருக்கும்போது சுக்கு, மிளகு, சீரகம், உப்பு ஆகியவற்றோடு கறிவேப்பிலையைப் பொடித்து, முதல் பிடிச் சோற்றில் நெய்யோடு சாப்பிடுவது சித்த மரபில் வழிவழியாக வரும் முறை.

சர்க்கரை நோயைக் குணமாக்கும், நரையைக் கறுப்பாக்கும் என்றெல்லாம் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை விலங்கு ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. மனிதர்களிடம் மருந்துக்கு ஈடாக நிறுவப்படவில்லை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், உணவில் சேர்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சாறாகவோ செறிவூட்டிய மாத்திரையாகவோ நாள்தோறும் எடுக்க நினைத்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட்டை முன்னிட்டு அளவோடு உண்பது நல்லது. தேங்காயெண்ணெயில் இலையைப் போட்டுச் சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடித்த எண்ணெய், தலைமுடியின் வறட்சியைப் போக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கிய இலையும் மிஞ்சிய இலையும்

கடையில் வாங்கிய இலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் புளியைக் கரைத்து வடித்து, அதில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் மேலே ஒட்டியிருப்பது பெருமளவு போகும். இலைக்குள் ஊடுருவிய மருந்து எந்தக் கழுவலுக்கும் அசையாது.

கவாத்து செய்த நாளில் இலை குவிந்துவிடும். கழுவாமல் அப்படியே துணியிலோ தாளிலோ சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்; டப்பாவுக்குள் நீர் கோத்தால் தாளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் இலை கறுத்து அழுகும். நீண்ட நாளைக்கு வேண்டுமென்றால் கழுவி, ஈரம் போக உலர்த்தி, உறைபெட்டியில் வைக்கலாம். நிறம் கறுக்கும், ஆனால் மணம் பெரும்பாலும் நிற்கும். எடுத்ததும் உருகவிடாமல் நேராக எண்ணெயில் போட வேண்டும். வெயிலில் காயவைத்த இலை மணத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும், ஆகவே உலர்த்துவதாக இருந்தால் நிழலில் மட்டுமே உலர்த்த வேண்டும். அப்படி உலர்ந்ததையும் தாளிப்பில் வீணாக்காமல் பொடிக்கு வைத்துக்கொள்ளலாம்.